சுருங்குறித்தொடர்வழிப் புறநானூற்றுத் திணை, துறைக் குறிப்புகளைப் பிரித்தெடுத்தல்

உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் பாடல்களின் இறுதியில் திணை, துறை, பாடியோர், பாடப்பட்டோர் பற்றிய குறிப்புகள் இடம்பெற்றுள்ளன. மின்னுரையிலிருந்து இவற்றை மட்டும் பிரித்துத் துறைவாரியாக எண்ண விழையும் ஆய்வாளருக்கு, ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனக் கணினித்துறையில் வழங்கும் சுருங்குறித்தொடர் ஏற்ற கருவியாகும். தொடக்க எல்லையையும் முடிவெல்லையையும் குறியீடுகளால் எழுதிவிட்டால் இடைப்பட்ட பகுதி கிடைத்துவிடும். கிடைத்தது முழுமையானதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

குறிப்புகள் ‘திணை: பாடாண்; துறை: இயன்மொழி.’ என்ற அமைப்பில் இருப்பதாகக் கொள்வோம். திணைப் பெயரைப் பெற முதலில் எழுதத் தோன்றுவது இது:

திணை:(.*);

முற்றுப்புள்ளி ஏதேனும் ஒரு குறியையும், உடுக்குறி ‘எத்தனை முறையேனும்’ என்பதையும், பிறை அடைப்பு பிரித்தெடுக்கும் பகுதியையும் சுட்டும். உடுக்குறி இயன்றவரை நீளமாகக் கவ்வும் இயல்புடையது. முற்றுப்புள்ளி வரிமுறிவையும் ஏற்கும்படி அமைத்திருந்தால், முதல் ‘திணை:’ தொடங்கிக் கோப்பின் கடைசி அரைப்புள்ளிவரை ஒரே பகுதியாக வந்து நிற்கும். உடுக்குறியை அடுத்து ஒரு வினாக்குறி இட்டால் போதும். முதலில் எதிர்ப்படும் அரைப்புள்ளியிலேயே பொருத்தம் முடியும்.

வினாக்குறிக்கு மாற்றாகச் சிலர் பின்வருமாறு எழுதுவர்:

திணை:([^துறை]*)துறை:

சதுர அடைப்பு ஒரு சொல்லைச் சுட்டுவதில்லை. உள்ளிருக்கும் குறிகளைத் தனித்தனியே சுட்டுகிறது. யூனிகோடில் ‘துறை’ என்பது தகரம், உகரக்குறி, றகரம், ஐகாரக்குறி என நான்கு குறிகள். இவற்றுள் ஒன்றும் இல்லாத பாடாண், வஞ்சி ஆகியன கிடைக்கும். தும்பை, வாகை, பொதுவியல் ஆகியன விடுபடும். முதற்சோதனை பாடாண் பாடல்களில் நடந்தால் பிழை கண்ணுக்கே படாது. [அ-ஹ] என்ற வரம்பும் இத்தகையதே. உயிர்க்குறிகளும் மெய்ப்புள்ளியும் யூனிகோடு வரிசையில் ஹகரத்துக்குப் பின்னர் அமைந்துள்ளமையால், ‘தமிழ்’ என்ற சொல் ‘தம’, ‘ழ’ என இரு துண்டுகளாகவே அகப்படும்.

‘துறை’ நீர்த்துறையாகப் பாடலுக்குள்ளும் வரும். ‘திணை’ உரைப்பகுதியில் வரலாம். ஆகவே வரித்தொடக்கத்தையும், பதிப்புதோறும் மாறும் நிறுத்தக்குறிகளையும் சேர்த்துக்கொள்வது நலம். பன்வரி நிலையில் இயக்கத்தக்க தொடர்:

^திணை *[-–:] *(.*?) *[;.]

இதுவும் எல்லாவற்றையும் தராது. முந்தைய பாடலின் திணையோ துறையோ மீண்டும் வருமிடங்களில் பெயருக்கு மாறாக ‘அது’, ‘அவை’ என்னும் சுட்டுகள் நிற்பது புறநானூற்றுக் குறிப்புகளின் வழக்கம். ‘திணையும்’ என உம்மையேற்றுத் தொடங்கும் குறிப்பை மேற்கண்ட தொடர் காணாது. அப்பாடல் எவ்வித எச்சரிக்கையுமின்றிப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். ‘திணை: அது’ என்றிருப்பின், தொல்காப்பியரும் ஐயனாரிதனாரும் அறியாத ‘அது’த்திணை ஒன்று பிறக்கும். ஒரே துறை அடுத்தடுத்து வருமிடத்தில்தான் சுட்டு அமைகிறது. ஆதலின் இவ்விழப்பு எல்லாத் துறைகளையும் ஒருசேரப் பாதிப்பதில்லை. தொகுதியாக நிற்கும் துறைகளே எண்ணிக்கையில் குறைந்து தோன்றும். அவ்வெண்ணிக்கையை நம்பிப் புறத்துறைகளின் செல்வாக்கை மதிப்பிடுவது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

சுட்டுக் குறிப்புகளுக்குத் தனித்தொடர் எழுதிப் பாடல் வரிசையில் முந்தைய பெயரை நிரப்பவேண்டும். முந்தையதும் சுட்டாயின் மேலும் பின்னோக்கிச் செல்லவேண்டும். இது நிரலின் வேலை, சுருங்குறித்தொடரின் வேலையன்று. இடையில் குறிப்புச் சிதைந்த பாடல் நிற்குமாயின், அதைத் தாண்டிப் பெயரை நிரப்பலாமா என்பதைப் பதிப்பைப் பார்த்தே முடிவுசெய்ய இயலும்.

400 பாடல்களில் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை, எஞ்சியவை 398. பொருத்தங்களின் எண்ணிக்கை இதனினும் குறையும்போது, விடுபட்ட பாடல் எண் ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஆய்வேட்டில் பதிவுசெய்வது இன்றியமையாதது. மாறாக, துறைப் பட்டியலில் ‘கொற்றவள்ளை’ இருமுறை தோன்றுமாயின் எழுத்துக் குறியேற்றத்தை நோக்கவேண்டும்: ‘கொ’வின் ஒகரக்குறி ஒரே குறியாகவும், எகரக்குறியும் காலும் இணைந்த இரு குறிகளாகவும் பதிவாகக்கூடும். யூனிகோடு இயல்பாக்கத்தைப் பிரித்தெடுப்புக்கு முன்னரே செய்துவிட்டால் இவ்விரட்டிப்பு நேராது.