போர்க்கால பிரித்தானியாவில் தையல் பரிசுகள்

போர்க்காலத் தையல் பரிசுகள் என்பன இரண்டாம் உலகப் போரின்போது (1939–1945) பிரித்தானிய மக்கள் கிறிஸ்துமஸ் விழாவை முன்னிட்டுக் குடும்பத்தினருக்கும் நண்பர்களுக்கும் பழைய துணிகளிலிருந்து தைத்து வழங்கிய பொருட்கள் ஆகும். துணி தட்டுப்பாடாக இருந்த அக்காலத்தில், கடையில் வாங்கும் பரிசுக்கு மாற்றாக இவை பரவலாயின.

பின்னணி

பிரித்தானியா பருத்தியையும் பெருமளவு கம்பளியையும் கடல் வழியாகவே இறக்குமதி செய்துவந்தது. போர் தொடங்கியபின் கப்பல்கள் உணவுக்கும் போர்த் தளவாடங்களுக்கும் தேவைப்பட்டன. துணி ஆலைகளும் தொழிலாளர்களும் சீருடை முதலிய படைத் தேவைகளுக்குத் திருப்பப்பட்டனர். இதனால் 1941 ஜூன் 1 அன்று ஆடைப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. வணிக வாரியத் தலைவராக இருந்த ஆலிவர் லிட்டில்டன் இதனை வானொலியில் அறிவித்தார்.

இத்திட்டத்தின்படி வயது வந்த ஒருவருக்கு முதலாண்டில் 66 கூப்பன்கள் வழங்கப்பட்டன. பெண்களின் கம்பளி ஆடை ஒன்றுக்கு 11 கூப்பன்களும், ஆண்களின் கம்பளி மேற்சட்டைக்கு 13 கூப்பன்களும் தேவைப்பட்டன. பின்னல் கம்பளி நூல் 2 அவுன்சுக்கு (ஏறத்தாழ 57 கிராம்) ஒரு கூப்பன் ஆகும். கூப்பன் பணத்திற்கு மாற்று அன்று. பொருளின் விலையையும் தனியே செலுத்த வேண்டும்.

இதனால் பரிசளித்தலின் பொருளே மாறியது. புதிய ஆடையொன்றைப் பிறருக்கு வாங்கித் தருபவர், அவ்வாண்டில் தாம் உடுத்தக்கூடிய ஆடையின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. பழைய துணியிலிருந்து தைத்த பரிசுக்கு இவ்விழப்பு இல்லை.

பொம்மைகளுக்கும் தட்டுப்பாடு நிலவியது. உலோகமும் ரப்பரும் போர்த் தொழிலுக்கு ஒதுக்கப்பட்டதால், குழந்தைகளுக்கான பரிசுகள் பெரும்பாலும் வீட்டிலேயே செய்யப்பட்டன.

பங்கீட்டில் அடங்காத பொருட்கள்

1941 ஆம் ஆண்டுப் பங்கீட்டில் சில பொருட்களுக்குக் கூப்பன் தேவைப்படவில்லை. தையல் செய்வோர் இவற்றை நன்கு பயன்படுத்திக்கொண்டனர். அவற்றுள் சில:

- தையல் நூல், துணி பழுதுபார்க்கும் கம்பளி நூல்
- மூன்று அங்குலத்திற்கு மேற்படாத அகலமுடைய நாடாக்கள்
- தொப்பிகள்
- விமானத் தாக்குதலின்போது வெளிச்சம் வெளியே தெரியாதவாறு சாளரங்களில் தொங்கவிடப்பட்ட கருப்புத் துணி
- பிறர் பயன்படுத்திய பழைய துணிகள்

தைக்கப்பட்ட பொருட்களும் முறைகளும்

கைக்குட்டை, ஊசிகள் செருகி வைக்கும் உறை, சூடான கெண்டியைப் பிடிக்கும் துணி, புகையிலைப் பை, வீட்டுக் காலணி, துணிப் பொம்மை ஆகியவை இவ்வகைப் பரிசுகளில் அடங்கும். இவை சிறியனவாக இருந்ததற்குக் காரணம் உண்டு. பழைய ஆடை எங்கும் ஒரே அளவில் தேய்வதில்லை. காற்சட்டை முழங்காலிலும் இருக்கையிலும் நைந்துபோகும். மேற்சட்டை முழங்கையில் கிழியும். ஏனைய பகுதிகள் வலுவாகவே இருக்கும். எனவே தையலைப் பிரித்து, துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, நைந்த பகுதிகளைத் தவிர்த்து வெட்ட வேண்டும். இவ்வாறு கிடைப்பவை சிறு துண்டுகளே ஆதலின் சிறு பொருட்களையே தைக்க இயலும்.

நிறம் மங்கிய கம்பளித் துணியில் மற்றொரு முறை கையாளப்பட்டது. வெயில் படாத உட்பக்கம் மங்காமல் இருப்பதால், துணியைத் திருப்பி உட்பக்கம் வெளியே தெரியுமாறு தைத்தனர்.

பழைய கம்பளித் தொப்பிகள் வீட்டுக் காலணிகளுக்கும் பொம்மைகளுக்கும் ஏற்றவை. இத்தொப்பிகள் நெய்யப்பட்ட துணியால் ஆனவை அல்ல. கம்பளி இழைகளை ஈரத்திலும் வெப்பத்திலும் அழுத்திப் பிணைத்துச் செய்யப்படுபவை. ஆகவே வெட்டிய விளிம்பில் நூல் பிரிவதில்லை. விளிம்பை மடித்துத் தைக்க வேண்டாமையால் துணியும் நூலும் மிஞ்சின.

பொம்மைகளுக்குள் அடைக்கப் பயன்பட்ட இலவம் பஞ்சு பெரும்பாலும் சாவகத் தீவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942 இல் சப்பான் அத்தீவைக் கைப்பற்றியபின் அவ்வழி அடைபட்டது. கந்தல் துணி நறுக்குகளும் பழைய காலுறைகளும் அதற்கு மாற்றாயின.

அரசின் பரப்புரை

1943 இல் தகவல் அமைச்சு, வணிக வாரியத்திற்காக, "இருப்பதைக் கொண்டு சமாளி, பழுது பார்" எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு கைநூலை வெளியிட்டது. இதில் கிழிசல் தைத்தல், அந்துப்பூச்சியிலிருந்து துணியைக் காத்தல், பழைய ஆடையைப் புதிதாக மாற்றுதல் ஆகியன விளக்கப்பட்டன. பெண்கள் தன்னார்வச் சேவை அமைப்பு குழந்தைகளின் ஆடைகளை மாற்றிக்கொள்ளும் நிலையங்களை நடத்தியது.

வரம்புகள்

பங்கீடு எல்லோருக்கும் ஒரே அளவில் கூப்பன் அளித்தபோதிலும், பழந்துணி எல்லோரிடமும் ஒரே அளவில் இருக்கவில்லை. நிறைந்த துணிப்பெட்டி உடைய செல்வர் வீட்டில் பிரித்துத் தைக்க நல்ல கம்பளி இருந்தது. ஏழைக் குடும்பங்களில் ஆடைகள் ஏற்கனவே முற்றிலும் தேய்ந்திருந்தன. மேலும் தையல் வேலை பெரும்பாலும் பெண்களைச் சார்ந்தே இருந்தது. அவர்களுள் பலர் பகலில் தொழிற்சாலைகளில் பணியாற்றியபின் இரவில் தைத்தனர்.

போருக்குப் பின்

போர் முடிந்தவுடன் தட்டுப்பாடு நீங்கிவிடவில்லை. 1945 செப்டம்பர் முதல் 1946 ஏப்ரல் வரையான எட்டு மாதங்களுக்கு 24 கூப்பன்களே, அதாவது மாதத்திற்கு மூன்று மட்டுமே, வழங்கப்பட்டன. ஆகவே போர் முடிந்தபின் வந்த முதல் கிறிஸ்துமஸிலும் தையல் பரிசுகளின் தேவை குறையவில்லை. படைக்குத் தேவைப்படாத வான்குடைத் துணி பின்னர் கூப்பன் இன்றி விற்பனைக்கு வந்தது. அது முக்கோண வடிவிலான நீண்ட துண்டுகளாக இருந்ததால் உள்ளாடைகள் தைக்கப் பெரிதும் பயன்பட்டது. ஆடைப் பங்கீடு 1949 மார்ச்சில் முடிவுக்கு வந்தது.