போதகர் வீட்டுச் சான்றிதழ்

திமிரி வட்டாரத்தில் சிறு சபைப் போதகரின் வீடும் காலனியில்தான். மனைவி ஷூ கம்பெனிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். சபையார் பலர் சான்றிதழில் இந்துவாகவே இருக்கிறார்கள். ஊழியம் செய்பவர் விசுவாசத்தை எப்படி மறைப்பார்? அதனால் அவர் பிள்ளை பிற்படுத்தப்பட்டோர். எதிர்வீட்டுப் பெரியப்பா பிள்ளை பட்டியல் சாதி.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையில் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றும் வெளியே.

சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, இந்துத் தொழிலாளருக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கும் வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1985இல் வழக்குத் தள்ளுபடியானது. 2023 ஏப்ரல் 19இல் நம் சட்டப்பேரவை இந்த உரிமையைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

ஞானஸ்நானம் எடுத்தவருக்கு ஊர்த்தெருவில் வீடு கொடுத்தார்களா? இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?