பழைய மடிக்கணனிக்கு லினக்ஸ் தரும் மறுவாழ்வு

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டீபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் ஒப்பீட்டளவில் புதிய செயலியையும் வேண்டி நிற்கின்றது. இதனால், நல்ல நிலையில் இயங்கும் மடிக்கணனிகள் பலவும் காலாவதியானவை என ஒதுக்கப்படுகின்றன. பிள்ளையின் கல்விக்கெனச் சிரமப்பட்டு வாங்கிய கணனியைக் கைவிட்டுப் புதியதொன்றை வாங்குவது எல்லாக் குடும்பங்களுக்கும் இயலக்கூடியதல்ல. பாதுகாப்பு மேம்படுத்தல்கள் இன்றியோ, திருட்டுப் பிரதிகளை நம்பியோ இணையத்தைப் பயன்படுத்துவதும் ஆபத்தானது. இந்நிலையில் லினக்ஸ் நமது கவனத்துக்குரியதாகின்றது.

1991ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸை, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்; பிரதியெடுத்துப் பகிரவும் சட்டபூர்வமான அனுமதி உண்டு. இத்தகைய கட்டற்ற மென்பொருள் மரபு இலங்கைக்கும் அந்நியமானதல்ல. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அனர்த்தத்தின்போது நிவாரணப் பணிகளை ஒருங்கிணைப்பதற்காக இங்குள்ள தன்னார்வலர்கள் உருவாக்கிய 'சஹானா' மென்பொருள் அம்மரபில் வந்ததேயாகும்.

லினக்ஸ் பல வெளியீடுகளாகக் கிடைக்கின்றது. விண்டோஸுக்குப் பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் இலகுவாக இருக்கும். அதற்கு 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வட்டு இடமும் குறைந்தபட்சத் தேவையாகும். 4 ஜிபி நினைவகம் இருப்பது நன்று. பழைய கணனிகளுக்கு அதன் எக்ஸ்எஃப்சீஈ பதிப்பே பொருத்தமானது.

முதற்பணி நிறுவுதல் அல்ல, தரவுகளைப் பாதுகாத்தலே. புகைப்படங்கள், பாடக் குறிப்புகள், அலுவலக ஆவணங்கள் யாவற்றையும் வேறொரு வட்டில் பிரதியெடுத்து, அவை திறக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். வட்டு 'பிட்லொக்கர்' மூலம் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீட்டைக் குறித்துவைத்தல் அவசியம்.

அடுத்து, உத்தியோகபூர்வ தளத்திலிருந்து தரவிறக்கிய கோப்பை 8 ஜிபி யூஎஸ்பி நினைவகமொன்றில் 'எட்ச்சர்' போன்ற மென்பொருளால் பதிய வேண்டும். இதன்போது அந்த யூஎஸ்பியில் ஏற்கனவே உள்ளவை அழிந்துவிடும். பின்னர் கணனியை இயக்கும்போது எஃப்12 அல்லது எஃப்2 போன்ற விசையை அழுத்தி யூஎஸ்பியைத் தெரிவுசெய்தால், வட்டில் எதையும் மாற்றாமலே லினக்ஸ் இயங்கத் தொடங்கும். வைஃபை, ஒலி, கமரா, திரையின் ஒளிர்வு, மூடித் திறக்கும்போது கணனி விழித்தெழுதல் ஆகியவற்றை இக்கட்டத்திலேயே பரிசோதிக்கலாம். வைஃபை இயங்காவிடின், கையடக்கத் தொலைபேசியை யூஎஸ்பி வழியாக இணைத்து இணையத்தைப் பெற்று, உரிய இயக்கியை நிறுவிக்கொள்ளலாம்.

சோதனை திருப்தியளித்த பின்னரே நிறுவ வேண்டும். விண்டோஸுடன் அருகருகே வைத்திருக்கவும் முடியும். முழு வட்டையும் லினக்ஸுக்கு ஒதுக்கவும் முடியும். இரண்டாவதைத் தெரிவுசெய்தால் வட்டிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதை மறத்தலாகாது. பலர் கலங்கி நிற்பது இவ்விடத்திலேதான்.

நிறுவிய பின்னர் மேம்படுத்தல்களைச் செய்து, 'டைம்ஷிஃப்ட்' கருவியால் மீளமைப்புப் புள்ளியொன்றை உருவாக்குவது நல்லது. தமிழில் தட்டச்சு செய்ய, 'ஐபஸ்' உள்ளீட்டு முறைமைக்கான எம்17என் பொதியை நிறுவினால், இலங்கையில் வழக்கிலுள்ள ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்99உம் கிடைக்கும். அரபு விசைப்பலகையையும் இவ்வாறே சேர்க்கலாம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணனியில் ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். எனவே எழுத்துருவையும் கொண்டுவர வேண்டும். அல்லது அவற்றை யுனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

குறைகளும் இல்லாமலில்லை. மைக்ரோசொப்ட் ஒபிஸ், போட்டோஷொப் ஆகியன லினக்ஸில் நேரடியாக இயங்கமாட்டா. லிப்ரேஒபிஸ் வேர்ட் கோப்புகளைத் திறந்தாலும் சிக்கலான பக்க அமைப்புகள் சற்றே குலையக்கூடும். அத்தொழிலில் இருப்போர் விண்டோஸை அருகிலே வைத்திருத்தல் புத்திசாலித்தனம்.

எனினும் கற்பதற்கும் எழுதுவதற்கும் இணையத்தைப் பார்ப்பதற்கும் லினக்ஸ் தாராளமாகப் போதுமானது. பாடசாலைகளிலும் மத்ரஸாக்களிலும் சனசமூக நிலையங்களிலும் மூலையில் முடங்கிக் கிடக்கும் கணனிகளைக் கழிவாக அகற்றுவதற்கு முன்னர், ஒரு யூஎஸ்பி நினைவகத்தைச் செருகிப் பார்ப்பதில் இழப்பு எதுவுமில்லை. ஒரு பிற்பகல் நேர முயற்சி, ஒரு மாணவனுக்குச் சில ஆண்டுகளுக்கான கணனியைப் பெற்றுத்தரலாம்.