கருவுற்ற பெண்கள் கூடிக் கற்பதால் பயன் உண்டா?

அன்னை மர்யம் (அலை) அவர்களைப் பேறுகால வேதனை பற்றியபோது, பக்கத்தில் மனிதத் துணை எவரும் இருந்ததாகத் திருமறை கூறவில்லை. வேதனை அவரை ஒரு பேரீச்ச மரத்தின் அடியில் கொண்டு சேர்த்தது. இதற்கு முன்பே இறந்து மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று அவர் ஏங்கினார். அந்த நேரத்தில் வல்ல இறைவன் அவருக்கு அருளியவை எவை என்பதை ‘மர்யம்’ அத்தியாயத்தின் 23 முதல் 26 வரையிலான வசனங்களால் அறிகிறோம். முதலாவது, கவலை வேண்டா என்னும் ஆறுதல். இரண்டாவது, காலடியில் ஓடும் நீர். மூன்றாவது, கனிந்த பேரீச்சங்கனி. அந்தக் கனியைப் பெறுவதற்கு மரத்தைத் தம் பக்கமாக உலுக்குமாறு அவருக்குக் கட்டளை பிறந்தது.

வலியால் துவண்டிருக்கும் ஒரு பெண்ணின் கைக்கு மரம் அசையுமா? இறைவன் நாடினால் உலுக்காமலேயே கனி உதிராதா? உதிரும். ஆயினும் அந்தத் தாயிடமிருந்தும் ஒரு முயற்சி வேண்டப்பட்டது. பிள்ளைப்பேறு இறைவன் கையில் இருக்கிறது என்று சொல்லி வாளாவிருப்போர் இந்த வசனத்தைச் சற்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

இன்று கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும், சிதம்பரத்திலும் லால்பேட்டையிலும் பல இல்லங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. கருவுற்ற பெண்களுக்கென்று மருத்துவமனைகளிலும் அங்கன்வாடிகளிலும் வகுப்புகள் நடைபெறுகின்றன. தாய்மார்கள் சேர்ந்து குழுக்களும் அமைக்கின்றனர். நம் வீட்டுப் பெண்கள் அங்கெல்லாம் போக வேண்டுமா? மருத்துவர் இருக்கிறார், அனுபவம் வாய்ந்த மாமியார் இருக்கிறார், அதற்கு மேல் ஒரு வகுப்பு எதற்கு?

கேள்வி நியாயமானதே. தமிழ்நாட்டில் இன்று வீட்டில் பிள்ளை பெறுவோர் அரிது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் 1000 பிரசவங்களில் 996 மருத்துவமனைகளிலேயே நிகழ்ந்தன. 2018-20ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 97 தாய்மார்கள் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 54. இது பெரும் முன்னேற்றம். எனினும் அந்த 54 பேரும் எவரோ ஒருவரின் மகள். எவரோ ஒருவரின் மனைவி. மருத்துவமனை வாசலை அடைந்த பின் நடப்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். அந்த வாசலை எப்போது அடைய வேண்டும் என்பதை வீடுதான் முடிவு செய்கின்றது.

பெருமானார் ஒதுக்கிய நாள்

பெண்கள் கூடிக் கற்பது நம் மார்க்கத்திற்குப் புதியதன்று. அபூஸயீத் குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஆண்கள் தங்களை எப்போதும் சூழ்ந்து கொள்வதால் எங்களுக்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை, எங்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்கித் தாருங்கள் என்று பெண்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வேண்டினர். பெருமானார் அவர்கள் மறுக்கவில்லை. ஒரு நாளை வாக்களித்து, அந்த நாளில் பெண்களைச் சந்தித்து உபதேசம் செய்தார்கள்.

அந்தச் சபையில் பேசப்பட்டது என்ன தெரியுமா? பிள்ளைகளை இழந்த தாய்மாரைப் பற்றி! மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்க்கு அக்குழந்தைகள் நரக நெருப்பிலிருந்து காக்கும் திரையாவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். உடனே ஒரு பெண் எழுந்து, இருவரை இழந்தவளுக்கும் உண்டா என்று கேட்டார். இருவரை இழந்தவளுக்கும் உண்டு என்று விடை வந்தது.

அன்புச் சகோதரிகளே, இந்த இடத்தைக் கூர்ந்து கவனியுங்கள். அந்தப் பெண் வாய்திறந்து கேட்டதால் அல்லவா, இரு குழந்தைகளை இழந்த தாய்மார்களுக்கும் அந்த ஆறுதல் எட்டிற்று! அவர் நாணித் தலைகுனிந்து அமர்ந்திருந்தால்? மதீனத்து அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்ததும் இதற்காகவே. மார்க்கத்தை விளங்கிக்கொள்வதற்கு அவர்களின் நாணம் தடையாக நின்றதில்லை. ஒரு சபையின் பயன், அதில் உரையாற்றுவோரின் நாவன்மையில் மட்டும் இல்லை. கேட்க வந்தவர்கள் கேள்வி கேட்பதிலும் இருக்கின்றது.

ஆராய்ச்சி காட்டும் உண்மை

இக்கால மருத்துவ ஆராய்ச்சியும் இதற்கு இணங்கவே பேசுகின்றது. கருவுற்ற பெண்களை வரிசையாக அமர்த்திப் பாடம் நடத்துவதால் மட்டும் என்ன விளைகின்றது என்று ஆராய்ந்தவர்கள், உறுதியான பயன் எதுவும் தெளிவாகப் புலப்படவில்லை என்றே 2007ஆம் ஆண்டில் முடிவு கூறினர். இதனை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால், பெண்கள் தாமே கூடிப் பேசித் திட்டமிடும் குழுக்களின் கதை வேறு. ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடி மக்கள் மிகுந்த மூன்று மாவட்டங்களில் 2005 முதல் 2008 வரை ‘ஏக்ஜுட்’ என்னும் அமைப்பு இத்தகைய குழுக்களை நடத்தியது. மாதம் ஒருமுறை பெண்கள் கூடினர். குழுவை நடத்தியவர் மருத்துவர் அல்லர். அந்த வட்டாரத்துப் பெண் ஒருவரே. கதைகளையும் படங்களையும் கொண்டு, தங்கள் ஊரில் தாய்க்கும் சேய்க்கும் நேரும் துன்பங்கள் யாவை, அவற்றுக்குத் தாங்களே செய்யக்கூடியது யாது என்று பேசினர். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் பச்சிளங்குழந்தைகளின் மரணம், குழுக்கள் இல்லாத ஊர்களைக் காட்டிலும் 45 விழுக்காடு குறைந்திருந்தது.

இந்தியா, நேபாளம், வங்கதேசம், ஆப்பிரிக்காவின் மலாவி ஆகிய நாடுகளில் நடந்த ஏழு ஆய்வுகளை 2013ஆம் ஆண்டில் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. கருவுற்ற பெண்களில் பத்தில் மூவரேனும் குழுவில் சேர்ந்த ஊர்களில்தான் பெரும் பயன் விளைந்தது. அவ்வூர்களில் தாய்மாரின் மரணம் ஏறத்தாழப் பாதியும், பச்சிளங்குழந்தைகளின் மரணம் மூன்றில் ஒரு பங்கும் குறைந்தன.

அந்த ஊர்களின் வறுமையும் மருத்துவ வசதிக் குறைவும் வேறு. கடலூர் மாவட்டத்தின் நிலை வேறு. அதே அளவு பயன் இங்கும் விளையும் என்று எவரும் உறுதி கூற இயலாது. எனினும் அந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். ஒருத்தி மட்டும் போய்வந்தால் அது ஒருத்திக்கு நன்மை. தெருவில் பத்தில் மூவர் போனால் அது அந்தத் தெருவின் வழக்கத்தையே மாற்றுகின்றது.

பேசப்பட வேண்டியவை

நம் பகுதியில் அத்தகைய குழு கூடினால் எவற்றைப் பேசலாம்?

முதலில் இரத்தச்சோகை. தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைவாக இருக்கின்றது. நாளுக்கு ஒன்றாக 180 நாட்கள் உண்ணுமாறு இரும்புச்சத்து மாத்திரையை அரசு இலவசமாகவே தருகின்றது. ஆயினும் பலர் இடையிலேயே நிறுத்திவிடுகின்றனர். மலம் கறுத்துப் போனதைக் கண்டு அஞ்சுகின்றனர். குமட்டலைக் கண்டு வெறுக்கின்றனர். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அதனால் தீங்கில்லை, இரவில் உண்டுவிட்டு உறங்கினேன் என்று முன்பு பிள்ளை பெற்ற ராத்தா ஒருவர் சொல்லும் சொல், அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தைவிடப் பயன் தரும். தேநீருடன் அந்த மாத்திரையை விழுங்கினால் சத்து உடலில் குறைவாகவே சேரும் என்பதும் நம் இல்லங்கள் அறிய வேண்டிய செய்தி.

அடுத்து, அபாய அறிகுறிகள். உதிரப்போக்கு, தாங்க இயலாத தலைவலி, பார்வை மங்குதல், முகமும் கைகளும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய இவற்றுள் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. இரத்த அழுத்தம் 140/90 என்ற அளவை எட்டினால் அது எச்சரிக்கை மணி. இதனைக் கருவுற்றவள் மட்டும் அறிந்தால் போதாது; மாமியாரும் அறிய வேண்டும். எனவே மாமியாரையும் வகுப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். அவரது அனுபவத்தை மதித்துக் கேட்கும் சபையில் அவரும் புதியதைக் கேட்க மனம் இசைவார்.

மூன்றாவதாக, வழி. நம் மாவட்டத்தின் மழைக்காலம் எளியதன்று. 2011 டிசம்பரில் வீசிய தானே புயலையும், 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தையும், 2024ஆம் ஆண்டின் ஃபெஞ்சல் புயலையும் கண்டவர்கள் நாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பேறுகாலம் நெருங்கும் பெண் யார் யார், சாலை மூழ்கினால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எந்த வழியில் செல்வது, 108 ஊர்தி வரத் தாமதமானால் யாருடைய வண்டி உதவும், இரத்தம் தர முன்வருவோர் யார் என்பனவற்றை முன்கூட்டியே எழுதி வைப்பது ஒரு குழுவால் எளிதில் ஆகும். தனித்த ஒரு வீட்டால் ஆகாது.

நான்காவதாக, தாய்ப்பால். தாய்மார்கள் இரண்டு ஆண்டுகள் முழுமையாகப் பாலூட்டுவதைத் திருமறை 2:233 வசனம் பேசுகின்றது. தமிழ்நாட்டிலோ பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் பத்தில் ஆறு மட்டுமே. சீனித் தண்ணீரும் தேனும் புகட்டும் வழக்கம் இன்னும் மறையவில்லை. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தீங்கு பயக்கும் என்பது மருத்துவர்களின் எச்சரிக்கை. ‘தஹ்னீக்’ செய்வோர், அண்ணத்தில் சிறிது பேரீச்சம்பழத்தைத் தடவும் அளவே அந்த சுன்னத் என்பதை உணர்ந்து, மருத்துவரையும் கலந்து, கைத்தூய்மையுடன் செய்தல் நலம்.

ரமலான் நோன்பும் பேசப்பட வேண்டியதே. கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் நோன்பில் சலுகை உண்டு என நபிமொழி அறிவிக்கின்றது. பின்னர் அதனை நிறைவேற்றும் முறையில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால், உடல்நிலையை மருத்துவரிடமும் சட்டத்தை ஆலிமிடமும் கேட்டறிய வேண்டும்.

எதனைத் தவிர்ப்பது?

எல்லா வகுப்பும் நல்ல வகுப்பு என்று சொல்வதற்கில்லை. பெருந்தொகை வாங்கிக்கொண்டு சத்துமாவையும் எண்ணெயையும் விற்கும் இடம், மருத்துவமனைக்குப் போகாமலே சுகப்பிரசவம் ஆகும் என்று ஆசை காட்டும் இடம், அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தாயை இழிவாகப் பேசும் இடம் ஆகியவற்றை விட்டு விலகுங்கள். கேள்வி கேட்க இடம் தராத வகுப்புக்கு ஒருமுறை போய்வந்தால் போதும்.

காசில்லாத வழிகளோ பல உள்ளன. 2016ஆம் ஆண்டு முதல் மாதந்தோறும் 9ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கருவுற்றோருக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகின்றது. கிராம சுகாதார செவிலியர் ஒரு பெண்மணி. அவரிடம் நாணமின்றிப் பேசலாம். அங்கன்வாடிகள் நடத்தும் சமுதாய வளைகாப்பில் சடங்கு மார்க்கத்திற்கு ஒவ்வாது எனக் கருதுவோர், சடங்கை விடுத்து, அங்கு தரப்படும் சுகாதார ஆலோசனையைப் பெற்றுக்கொள்ளலாம்.

ஜமாஅத்தின் கடமை, கணவரின் கடமை

இனி ஆண்களுக்கு ஒரு சொல். பாலூட்டல் பற்றிய அதே 2:233 வசனம், தாய்க்கு உணவும் உடையும் அளிக்கும் பொறுப்பைத் தந்தை மீது சுமத்துகின்றது. பால்மறக்கச் செய்வதையும் இருவரும் மனமொப்பிக் கலந்து ஆலோசித்தே முடிவு செய்ய வழிகாட்டுகின்றது. பச்சிளங்குழந்தையின் பால்குடியே கணவன் மனைவி ஆலோசனைக்கு உரியது எனில், அக்குழந்தை பிறக்கும் நேரம் ஆலோசனைக்கு உரியதாகாதா? வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் பொருள் தேடும் சகோதரர்களே, மாதந்தோறும் அனுப்பும் பணத்துடன் இந்தக் கேள்வியையும் தொலைபேசியில் கேளுங்கள்: இம்மாதம் பரிசோதனைக்குச் சென்றாயா, என்ன சொன்னார்கள்?

ஜமாஅத் பெரியோர்களே, உங்கள் பள்ளிவாசலைச் சார்ந்த மண்டபமோ மதரஸா அறையோ மாதத்தில் ஒரு பிற்பகல் பூட்டிக் கிடக்கின்றதா? அதனைப் பெண்களுக்குத் திறந்து விடுங்கள். செவிலியரை அழையுங்கள். திரையிட்ட தனியிடம், பெண்களே நடத்தும் கூட்டம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மூதாட்டி, இவ்வளவே தேவை. பெருமானார் (ஸல்) அவர்கள் பெண்களுக்கு ஒரு நாள் ஒதுக்கினார்கள். நாம் ஒரு பிற்பகல் ஒதுக்க இயலாதா?

ஆகவே சகோதரிகளே, போகலாமா என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். போங்கள்; ஆனால் கேட்டுவிட்டு மட்டும் திரும்பாதீர்கள், கேள்வியும் கேளுங்கள். தனியே போகாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அழைத்துச் செல்லுங்கள். அவளுடைய வாய்க்கு வராத கேள்வியை நீங்கள் கேட்கக்கூடும். நீங்கள் அறியாத அபாயத்தை அவள் அறிந்திருக்கக்கூடும்.

தனிமையில் தவித்த அன்னைக்கு ஆறுதலும் நீரும் கனியும் அளித்த வல்ல அல்லாஹ், நம் தாய்மார்களுக்கும் சேய்களுக்கும் நலமும் துணையும் நல்குவானாக! ஆமீன்.