விசாரணையில் பிழை, தண்டனை நிற்குமா?

மேலூர் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் மிகுந்து நின்ற ஐயம், மேல்முறையீட்டுக்கு முப்பது நாளா அறுபது நாளா என்பதே. மாஜிஸ்திரேட் விதித்த தண்டனையை எதிர்த்துச் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குச் செல்ல 30 நாள். செஷன்ஸ் நீதிமன்றம் விதித்ததை எதிர்த்து, மேலூர்ச் சாலையில் உலகநேரியிலுள்ள உயர் நீதிமன்றக் கிளைக்குச் செல்ல 60 நாள். மரண தண்டனைக்கு 30 நாளே.

ஆனால், கோடு போட்ட தாளில் இருமுறை அடிக்கோடிட்டு, "வாரண்டில் தேதியே தப்பு, என் மகனை விட அது போதாதா?" என்று ஒரு தாயார் கேட்டிருப்பதற்கு அவ்வளவு எளிதில் விடை சொல்ல முடியவில்லை.

போதாது. வாரண்டு முதல் தீர்ப்பு வரை நேர்ந்த எந்தப் பிழையும், நியாயம் தவறியதற்குக் காரணமாயிற்று என்று மேல் நீதிமன்றம் கருதினாலன்றித் தண்டனையை அசைக்காது என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 465ஆம் பிரிவாயிருந்து இப்போது புதிய சட்டத்தில் 511ஆம் பிரிவாகியுள்ள விதி. 1901இல், ஈராண்டுக் காலத்துச் செயல்கள் நாற்பத்தொன்றை ஒரே விசாரணையில் சேர்த்துச் சுப்பிரமணிய ஐயர் என்பவரைத் தண்டித்த சென்னை வழக்கில், அது வெறும் முறைப்பிசகன்று, சட்டம் விலக்கிய விசாரணையே என்று சொல்லி லண்டன் பிரிவி கவுன்சில் தண்டனையை நீக்கியது. அந்தக் கண்டிப்பு பின்னர்த் தளர்ந்தது. தீண்டாமைக் கொடுமை வழக்குகளை மாஜிஸ்திரேட் முறைப்படி ஒப்படைக்காமலே தனி நீதிமன்றங்கள் நேரே ஏற்றது பிழையெனினும், பாதகம் காட்டப்படாதவிடத்துத் தண்டனை நிற்கும் என்று 2012இல் ரத்திராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடுமைக்கு ஆளானவர்கள் மறுபடி முதலிலிருந்து சாட்சிக் கூண்டேற வேண்டாமென்ற அளவில் அது நியாயமே.

என் மனத்தை உறுத்துவது அதே விதியின் இரண்டாம் உட்பிரிவு. ஆட்சேபத்தை முன்பே எழுப்பியிருக்கலாமா, எழுப்பியிருக்க வேண்டுமா என்பதையும் நீதிமன்றம் கவனிக்க வேண்டும் என்கிறது அது. தேர்ந்த வக்கீலை அமர்த்த வழியற்றவன் அன்று மௌனமாயிருந்தது, பின்னர் அவனுக்கே எதிரான சாட்சியமாகிறது. அரசுத் தரப்பு "தொழில்நுட்பக் குறை" என்று பெயரிடுவது பல வேளைகளில் குடிமகனுக்கு எஞ்சிய ஒரே காப்பு. அமெரிக்காவில், 1967ஆம் ஆண்டின் சாப்மன் தீர்ப்புக்குப் பின், அரசியல் சாசன உரிமையை மீறிய பிழையானால், அதனால் தீர்ப்பு மாறவில்லை என்று ஐயமற நிரூபிக்கும் பாரம் அரசினுடையது. இங்கே பாதகத்தைக் காட்டும் பாரம் பெரும்பாலும் கைதியின் தலையில்.

கெடு கடந்துவிட்டதா? தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம்.

வக்கீலுக்குப் பணமில்லையா? சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக அமர்த்தித் தரும்.

எத்தனை காலமாகும்? மேலவளவுப் படுகொலை வழக்கில் 2001இல் சேலத்தில் விதித்த ஆயுள் தண்டனை உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது 2009இல்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: பிழை கண்ணில் பட்ட அன்றே, உங்கள் வக்கீல் மூலம் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, அது வழக்குக் கட்டில் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.