வானத்தில் தெரியும் ஊரும், தெருவில் நடக்கும் வியாபாரமும்

சரக்கு வாங்க வெளியூர் போய் வரும் நம் வணிகர்களுக்கு, ஊர் நெருங்கிவிட்டது என்பதை முதலில் சொல்வது வானத்தில் தெரியும் ஏதோ ஒரு அடையாளம்தான். ஸ்ரீரங்கம் என்றால் ராஜகோபுரம். நெடுங்காலம் அடித்தளத்தோடு நின்றுபோயிருந்த அந்தக் கோபுரம் 1987-இல்தான் 13 நிலைகளோடு 236 அடியில் நிறைவு பெற்றது. திருச்சி என்றால் மலைக்கோட்டை. தஞ்சாவூர் என்றால் பெரிய கோயில் விமானம். பேருந்தில் தூங்கிக்கொண்டு வருபவர்கூடக் கண்ணைத் திறந்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பையைத் தேடுவார்.

தொலைவிலிருந்து பார்க்கும்போது வானத்தின் மீது ஊர் வரையும் இந்தக் கோட்டைத்தான் ஸ்கைலைன் என்கிறார்கள். நம் சென்னைக்கு அப்படி ஒரு கோடு உண்டா என்று கேட்டால், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் யோசிக்காமல் சொல்லும் பதில் எல்.ஐ.சி. கட்டடம்.

அந்தக் கட்டடத்தின் கதையில் வணிகர்களாகிய நமக்கும் பங்குண்டு. அதைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தம்முடைய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கிய வேலை அது. 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் காலமானார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆயிற்று. கட்டடம் எல்.ஐ.சி. கைக்குப் போய், 1959-இல் அப்போதைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். உயரம் 177 அடி. அன்றைக்கு இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். 1975-இல் பெரிய தீ விபத்தையும் தாங்கிக்கொண்டு நின்றது. கிராமத்திலிருந்து வரும் கதாநாயகன் சென்ட்ரல் வாசலில் இறங்கி, அடுத்த காட்சியில் எல்.ஐ.சி.யை அண்ணாந்து பார்க்காத தமிழ்ப்படம் அந்தக் காலத்தில் குறைவு.

இன்றைய கணக்கில் 177 அடி ஒரு பெரிய உயரமே அல்ல. பழைய மகாபலிபுரம் சாலையிலும் போரூரிலும் அதைக் காட்டிலும் உயர்ந்தவை எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் அவற்றில் எதையாவது பெயர் சொல்லி நம்மால் காட்ட முடிகிறதா? முடிவதில்லை. உயரம் மட்டும் ஒரு ஊருக்குத் தோற்றத்தைத் தந்துவிடாது என்பதற்கு இதுவே சாட்சி. சுற்றிலும் தாழ்ந்த கட்டடங்கள், எதிரே அகலமான மவுண்ட்ரோடு, நடுவே தனியாக ஒன்று. அதனால்தான் எல்.ஐ.சி. எடுப்பாகத் தெரிந்தது. புதிய உயரங்கள் ஊரெங்கும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. கடலை மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் குவியல் ஏது?

சென்னை இவ்வளவு காலம் தட்டையாக இருந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மீனம்பாக்கம் விமான நிலையம் ஊரோடு ஒட்டியே இருக்கிறது. விமானம் ஏறி இறங்கும் பாதையில் இத்தனை மீட்டருக்கு மேல் கூடாது என்று வரம்பு உண்டு. மனைப் பரப்பில் இத்தனை மடங்குதான் கட்டலாம் என்ற தளப்பரப்புக் குறியீடும் நீண்ட காலம் குறைவாகவே இருந்தது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் இதை மாற்றின. இப்போது 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயரமான கட்டடம் என்று கணக்கு. உயரமான கட்டடத்துக்குச் சாலையின் அகலத்தைப் பொறுத்து 3.25 வரை குறியீடு கிடைக்கிறது.

விமான நிலையம்தான் தடை என்று சொல்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும். அங்கும் பாய லேபார் விமானத் தளத்தினால் வரம்பு இருந்தது. 1986-க்கும் 1995-க்கும் இடையில் எழுந்த மூன்று வங்கி, வணிகக் கோபுரங்கள் ஏறத்தாழ ஒரே உயரத்தில், சுமார் 280 மீட்டரில், வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஆனால் அவை ஒரே இடத்தில் கூடி நிற்கின்றன. முன்னால் ஆறு இருக்கிறது. ஆற்றங்கரையில் படகுத்துறைப் பழைய கடைவீடுகளை 1989-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்து, இரண்டு மூன்று மாடியோடு அப்படியே விட்டுவிட்டார்கள். தாழ்ந்தது முன்னே, உயர்ந்தது பின்னே. பார்ப்பதற்குத் தண்ணீரும் இருக்கிறது. பம்பாய் மரைன் டிரைவுக்கும் இதே சூட்சுமம்தான். ஹாங்காங்கில் பின்னால் இருக்கும் மலை முகட்டைக் கட்டடங்கள் மறைத்துவிடக் கூடாது என்று திட்ட வழிகாட்டியே வைத்திருக்கிறார்கள்.

இதில் நமக்கு உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. சிங்கப்பூரின் அந்தக் கோபுரக் கூட்டத்தை ஒட்டிய மார்க்கெட் ஸ்ட்ரீட்டில்தான் நம் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் வரிசையாகப் பெட்டகமும் மேசையும் போட்டு வட்டிக்கடை நடத்திய இடங்கள் அவை. நகரைப் புதுப்பித்தபோது அவை இடிபட்டன. கடைவீடு தப்பியது, கிட்டங்கி தப்பவில்லை.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். எம்.கே.பி. நகரில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் வடசென்னையின் வானம் நாலு திசையிலும் தெரியும். கிழக்கே துறைமுகத்தின் கிரேன்கள். வடக்கே கொடுங்கையூர்க் குப்பைமேடு. பல பத்தாண்டுகளாக நகரமே கொண்டுவந்து கொட்டியதில் உருவான மலை அது. இப்போதுதான் பயோ மைனிங் முறையில் பிரித்தெடுக்கும் வேலை நடக்கிறது. அதற்கும் அப்பால் மணலி ஆலைகள். இன்னும் வடக்கே போனால் அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள். 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுக்குப் புகைபோக்கி 275 மீட்டர் இருக்க வேண்டும் என்பது அவை கட்டப்பட்ட காலத்து விதி. வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. அடியில் சொன்னால் 900-க்கு மேல், எல்.ஐ.சி.யைப் போல் ஐந்து மடங்கு. புகை கீழே இறங்காமல் மேலே பரவிப் போகட்டும் என்பதற்காக வந்த உயரம் அது. தலைநகரின் வானத்தில் மிக உயரமாக நிற்பது நம் வடக்குப் பகுதியின் புகைபோக்கிதான் என்பதை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. தெற்கே குளிர்சாதனம் ஓடுவதற்கு வடக்கே எழுந்த கோபுரங்கள் இவை.

தெற்கே திரும்பினால் புதிய காட்சி. பெரம்பூரில் பின்னி ஆலை இருந்த நிலத்தில் 45 தளங்கள் கொண்ட குடியிருப்புக் கோபுரம் எழுந்திருக்கிறது; நகரின் மிக உயரமான குடியிருப்புகளில் ஒன்று. அந்த மண்ணில்தான் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் தொடங்கி, 1920-இல் ஒன்றாயின. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகிய சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பிறந்ததும் அந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான். 1996-இல் ஆலை மூடப்பட்டது. அதே ஆண்டில்தான் கொத்தவால் சாவடிக் காய்கறி மொத்த வியாபாரமும் கோயம்பேட்டுக்குப் போயிற்று. வடசென்னை வணிகத்துக்கு அது இரட்டை அடி.

ஆலை இருந்தவரை நம் கடைகளுக்குச் சம்பளத் தேதி என்று ஒன்று இருந்தது. பற்று நோட்டில் மாதம் முழுவதும் எழுதி, சம்பளத்தன்று நேர் செய்யும் பழக்கம். இன்று அதே நிலத்தில் உயர்ந்து நிற்பதில் நமக்கு என்ன கிடைக்கும்? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். தளத்துக்கு நான்கு வீடு என்று வைத்தாலும் 180 குடும்பம். வீட்டுக்கு மாதம் 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று என்றால் நாலரை டன். ஒரு நடுத்தர மளிகைக் கடையைத் தூக்கி நிறுத்தப் போதுமான வியாபாரம் அது. ஆனால் அந்த நாலரை டன் தெருவுக்கு இறங்கி வருமா என்பதுதான் கேள்வி. பெரிய குடியிருப்புகளின் தெருப்பக்கம் நீண்ட மதில், ஒரு கேட், ஒரு காவலர். சைக்கிளில் சாமான் கொண்டுபோகும் நம் பையன் கேட்டில் காத்துக் கிடக்கையில், செல்போன் செயலியில் கேட்ட பொருள் பத்து நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது.

இதற்கும் சிங்கப்பூரில் வழி கண்டிருக்கிறார்கள். அங்குள்ள வீட்டுவசதி வாரிய அடுக்குமாடிகள் பலவற்றின் அடித்தளத்திலேயே கடைகள் உண்டு. தமிழர் நடத்திய 'மாமா கடை' அங்கே தலைமுறைகளுக்குப் பழக்கமான பெயர். மேலே எத்தனை மாடி போனாலும் கீழே உப்பும் புளியும் வாங்கலாம். நம் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் வாரியம் கட்டிய அடுக்குமாடி, தொட்டால் பூச்சு உதிர்கிறது என்று 2021-இல் செய்தியானதையும், ஐ.ஐ.டி. வல்லுநர்கள் வந்து ஆராய்ந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உயரம் வந்தது, தரம் பின்தங்கியது.

நம் பங்குக்கும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நகரின் முகத்தை நெடுங்காலம் மறைத்தவை நம் வியாபார விளம்பரத் தட்டிகளே. 2008-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அவற்றை இறக்கியபோது, மவுண்ட்ரோட்டில் இத்தனை பழைய கட்டடங்கள் இருந்தனவா என்று ஊரே வியந்தது. தட்டி போனதால் எந்தக் கடையும் மூடியதாக நாம் கேள்விப்படவில்லை.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2027 முதல் 2046 வரையிலான காலத்துக்கு மூன்றாவது முழுமைத் திட்டத்தைத் தயாரித்து வருகிறது. உயரமான குடியிருப்பு வரும் இடங்களில் தெருவைப் பார்த்த தரைத்தளத்தில் சிறு கடைகளுக்கு இடம், சரக்கு வண்டி நின்று இறக்க ஒரு ஓரம், மதிலுக்குப் பதில் நடைபாதை. இந்த மூன்றையும் நம் கோரிக்கைகளாக எழுதிக் கொடுக்க வேண்டும். தங்கள் தெருவில் எந்த இடத்தில் என்ன வேண்டும் என்பதை உறுப்பினர்கள் சாலையின் அகலத்தோடு குறித்து அனுப்பினால், சங்கத்தின் மனுவில் சேர்க்க உதவியாக இருக்கும்.