பாய்மரம் கட்டிய பலூன்

1783-இல் பிரான்ஸில் பலூன் பறக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே பாரிஸ், லண்டன் அச்சுக்கடைகளில் அதைப் பற்றிய கேலிச்சித்திரங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, பல சமயம் கையால் வண்ணம் தீட்டிய ஒற்றைத்தாள் படங்கள் அவை. பீரங்கி ஏற்றிய பலூன்கள் ஆகாயத்தில் கடற்போர் நடத்தும். பிரெஞ்சு வான்படையின் முதல்தரக் கப்பல் என்று ஒரு பலூனுக்குப் பட்டம் சூட்டப்படும். புதுமையைக் கண்டு மிரண்டவர்களின் சிரிப்பு என்று இவற்றை ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலூன் மேலே போகிறது என்பதில் இந்த ஓவியர்களுக்குச் சந்தேகமே இல்லை. அதை நினைத்த திசைக்கு ஓட்டிக் காட்டுகிறேன் என்ற பேச்சைத்தான் இவற்றில் கூர்மையானவை குத்திக் காட்டின. அந்தப் பேச்சு அன்றைக்கு உண்மையிலேயே வெறும் பேச்சுதான்.

ஏன் என்பது பலூனின் இயல்பிலேயே இருக்கிறது. அன்னொனே ஊரில் காகித ஆலை நடத்திய மோங்கோல்ஃபியே சகோதரர்கள் 1783 ஜூன் 4 அன்று துணியும் காகிதமும் கொண்டு செய்த பையில் சூடான காற்றை நிரப்பி மேலே அனுப்பினார்கள். ஆகஸ்ட் 27 அன்று பாரிஸில் ழாக் ஷார்ல் என்ற இயற்பியலாளர், இரும்புத் துகள் மேல் கந்தக அமிலத்தை ஊற்றிக் கிடைத்த ஹைட்ரஜனைப் பட்டுப் பையில் அடைத்துப் பறக்கவிட்டார். இரண்டிலும் தத்துவம் ஒன்றே: பையும் உள்ளிருக்கும் வாயுவும் சேர்ந்து, அவை விலக்கும் காற்றைவிட எடை குறைந்தால் மேலே எழும். ஏறுவதற்கு மணல் மூட்டையைக் கொட்டலாம், இறங்குவதற்கு வாயுவைத் திறந்துவிடலாம். பக்கவாட்டில் போவதற்கு மட்டும் வழியில்லை. ஆற்றோடு மிதக்கும் கட்டையைப் போலப் பலூன் காற்றின் வேகத்திலேயே போவதால், கூடையில் நிற்பவருக்குக் காற்று வீசுவதே அநேகமாகத் தெரியாது. அங்கே பாய் கட்டினால் அது தொங்கித்தான் கிடக்கும். துடுப்பு போடலாம், ஆனால் அவ்வளவு பெரிய உருண்டையைக் காற்றுக்கு எதிராகத் தள்ள மனிதத் தோளுக்கு வலு போதாது.

இதைத் தெரிந்தோ தெரியாமலோ, துடுப்பும் சிறகும் பொருத்திக்கொண்டு பலர் கிளம்பினார்கள். பிளான்ஷார் என்ற பலூன்காரர் சிறகு கட்டினார். 1784 செப்டம்பரில் லண்டனில் பலூனில் ஏறிய லுனார்தி என்பவர் துடுப்பு கொண்டுபோனார். மியோலான் என்ற பாதிரியாரும் ழானினே என்ற செதுக்கு ஓவியரும் பலூனின் பக்கத்தில் ஓட்டை போட்டு, வெளிவரும் சூடான காற்றின் உந்துதலால் அதைச் செலுத்துவதாகச் சொன்னார்கள். 1784 ஜூலை 11 அன்று, காசு கொடுத்து லக்சம்பர்க் தோட்டத்தில் கூடிய கூட்டம் வெயிலில் காத்துக் கிடந்தது. பலூன் எழும்பவே இல்லை. ஆத்திரப்பட்ட ஜனங்கள் அதைக் கிழித்துத் தீ வைத்தார்கள். பிறகு வந்த படங்களில் பாதிரியார் பூனை, ழானினே கழுதை. கொடூரம்தான், ஆனால் கேலிக்கு ஆளானது நுழைவுக் கட்டணம் வாங்கிய ஒரு வாக்குறுதி என்பதை மறக்கக் கூடாது. அடுத்த ஆண்டு ரௌலண்ட்சன் என்ற கேலிச்சித்திரக்காரர், லுனார்தியை ஊர் ஊராக அலையும் கந்தலாடைக்காரராக வரைந்ததிலும் காசுக் கணக்குதான் தெரிகிறது.

அறியாமையும் இருந்ததே என்று கேட்கலாம். ஷார்லின் ஆளில்லாப் பலூன் கொனெஸ் கிராமத்தில் விழுந்தபோது ஊரார் அதை மிருகம் என்று நினைத்துக் குத்திக் கிழித்தது உண்மை. ஆனால் அந்தக் காட்சியை வரைந்த படம் ஊராரைப் பார்த்துத்தான் சிரிக்கிறது. இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: நெப்போலியன் இங்கிலாந்தின் மீது படையெடுப்பான் என்ற பேச்சு எழுந்த 1803-இல், பலூன்களில் படை கடலைத் தாண்டி வருவதாகவும் படம் வந்தது. அந்த ஓவியர் இயற்பியலைக் கோட்டை விட்டுவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எல்லா ஓவியர்களும் விஷயம் அறிந்தவர்கள் என்று நான் வாதிடவில்லை. திசை விஷயத்தில் சிரித்தவர்கள் பக்கம் நியாயம் நெடுங்காலம் நின்றது என்பதே என் வாதம். ழிஃபார் என்ற பொறியாளர் 1852-இல் மூன்று குதிரைத்திறன் நீராவி எந்திரத்தை நீண்ட பலூனில் கட்டிப் பறந்தும், எதிர்க்காற்றில் கிளம்பிய இடத்துக்குத் திரும்ப முடியவில்லை. அதைச் செய்தது 1884 ஆகஸ்ட் 9 அன்று மின்மோட்டாரில் பறந்த ‘லா ஃப்ரான்ஸ்’ என்ற வான்கப்பல். முதல் பலூனுக்கும் இதற்கும் இடைவெளி 101 ஆண்டு.

இந்த இடைவெளியில் இரு தரப்பிலும் நின்றவர் பாரிஸ் புகைப்படக்காரர் நடார். தொழிலைக் கேலிச்சித்திரக்காரராகத் தொடங்கியவர். 1858-இல் பலூனிலிருந்து படமெடுத்தார்; 1862-இல் தோமியே என்ற கேலிச்சித்திரக்காரர் அவரையே கூடையில் கேமராவோடு தள்ளாடும் உருவமாகக் கேலி செய்தார். மறு ஆண்டு நடார் ‘லெ ஜெயான்’ என்ற பிரம்மாண்டமான பலூனைக் கட்டி மக்களைக் கூட்டினார். பலூனை ஒருநாளும் ஓட்ட முடியாது, காற்றைவிட எடை கூடிய எந்திரமே வழி என்பது அவர் கட்சி. அந்த எந்திரத்துக்கான ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டவே அவருக்குப் பலூன் தேவைப்பட்டது.